பாறையில் போய் ஏன் ஒரு செடி வளர வேண்டும்?

மலையோரம்:
ஹவாயில் காவாய் தீவு. அங்கே ஹிபிஸ்கடெல்ஃபஸ் வூடியை என்று செம்பருத்திக்கு உறவான ஒரு செடி. 2016இல் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள், 2019இல் ட்ரோன் விட்டுப் பார்த்தால் செங்குத்துப் பாறையில் மூன்று நிற்கின்றன! மண்ணே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை, கீழே பள்ளத்தாக்கில் இடமா இல்லை? அப்புறம், ஒரு குச்சியை வெட்டி வந்து நட்டால் முடிந்ததே, செம்பருத்தி அப்படித்தானே துளிர்க்கிறது?

வேர்க்கால்:
அது பாறையை விரும்பிப் போகவில்லை, மற்ற இடத்தில் இருந்ததை ஆடு தின்றுவிட்டது என்பதுதான் பெரும்பாலும் கதை. மனிதர் வருவதற்கு முன் ஹவாயில் ஆடு மாடே கிடையாது, வௌவாலை விட்டால் நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவுமே இருந்ததில்லை. அதனால் அங்குள்ள பல செடிகள் முள்ளையும் கசப்பையும் காலப்போக்கில் இழந்துவிட்டன, ஆடாதொடை மாதிரி வாய் வைக்க முடியாத இலையாவது இருந்திருந்தால் தப்பித்திருக்கும். 1778இல் கேப்டன் குக் பக்கத்துத் தீவான நீஹாவில் ஆடுகளை இறக்கிவிட்டார். ஆட்டுக்கு எட்டாத பாறை இடுக்கில் இருந்தது மட்டும் மிச்சம்.

சாரல்:
குச்சி நடுவது பற்றி: 1991இல் கலாலாவ் பள்ளத்தாக்கில் இதை முதலில் பார்த்தபோதே நான்கு செடிதான். சில வருடத்தில் ஒரு பாறை உருண்டு மூன்றை நசுக்கிவிட்டது. மிஞ்சிய ஒன்றை வைத்துக் குச்சி நட்டார்கள், ஒட்டுக் கட்டினார்கள், இன்னொரு இனத்தோடு மகரந்தம் சேர்த்தும் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. 2011இல் அதுவும் செத்துக் கிடந்தது. அதன் பூ மஞ்சளாகப் பூத்து நாளாக ஆகக் கருஞ்சிவப்பாகும், செம்பருத்தி போல விரியாமல் குழல் மாதிரியே இருக்கும். வளைந்த அலகுள்ள தேன்குடிக்கும் குருவிகளுக்கான பூ என்கிறார்கள்.

இப்போது ட்ரோனுக்குக் கீழே கயிற்றில் வெட்டும் கை ஒன்றைத் தொங்கவிட்டு, ஆள் இறங்க முடியாத பாறைகளிலிருந்து வேறு சில அரிய செடிகளின் விதையும் துண்டும் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் ஆளே கயிற்றில் தொங்கினார்.

வேர்க்கால்:
அப்படித் தொங்கியவர்தான் தாவரவியலாளர் ஸ்டீவ் பெர்ல்மன். அதே தீவின் பிரிகாமியா செடிக்கு மகரந்தம் கொண்டுபோகப் பூச்சி வராததால், பாறையில் தொங்கிக்கொண்டு தூரிகையால் தடவிவிட்டார். அந்தச் செடி இன்று ஐரோப்பாவில் வீட்டுத் தொட்டிச் செடியாகவே விற்கிறது, அதன் சொந்தப் பாறையில்தான் காணோம். தொட்டியில் ஆயிரம் இருந்தால் பிழைத்துவிட்டது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மலையோரம்:
சரி, அப்போது வேலி போட்டு ஆட்டைத் தடுக்க வேண்டியதுதானே?

சாரல்:
சமதளமான காட்டில் போடுகிறார்கள். அந்தப் பாறைச் சுவரில் கம்பம் நட எங்கே இடம்? ஆடு மட்டும் எப்படியோ ஏறிவிடுகிறது.