பக்தினின் 1919 கட்டுரை: 'பொறுப்பு' என்ற சொல் தாங்குமா?

நிழல்மரம்:
ரஷ்யச் சிந்தனையாளர் மிகயில் பக்தினின் 'கலையும் பொறுப்பும்' கட்டுரையை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறேன். மொழிபெயர்ப்பாளர் லியபுனோவின் ஆங்கில வடிவம் 'ரெஸ்பான்சிபிலிட்டி'யைத் தவிர்த்து 'ஆன்சரபிலிட்டி' (பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தல்) என்கிறது. தமிழில் 'பொறுப்பு' போதுமா, புதுச்சொல் வேண்டுமா? எழுத்தாளனின் சமூகப் பொறுப்புக்கு ஆதாரமாக இதைக் காட்டுகிறார்களே, அது சரியா?

கரிசல்காற்று:
தலைப்பில் புதுச்சொல் வேண்டாம். மூலத்தில் உள்ள 'அத்வேத்ஸ்த்வென்னஸ்த்' அன்றாட ரஷ்யச் சொல்தான். குற்றவியல் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதுவதும் அதையே வைத்துத்தான்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. அதன் வேர் 'அத்வேத்', அதாவது பதில். கலையில் பட்டதற்கும் புரிந்துகொண்டதற்கும் என் வாழ்க்கையால் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வாக்கியம் வரும். அதன் வினைச்சொல்லும் இதே வேர். அடுத்த வரியிலேயே பெயர்ச்சொல் வந்துவிடும். 'பொறுப்பேற்க வேண்டும்' என்று எழுதினால் பதில் காணாமல் போகும். 'பதில்' என்று மட்டும் எழுதினால் அடுத்த வரியோடு ஒட்டாது. முதல் இடத்தில் 'பதில் சொல்லும் பொறுப்பு' என்று விரித்துவிட்டு, பிறகு 'பொறுப்பு' என்றே போங்கள். 'விடையளிதிறன்' மாதிரி எதையும் செய்துவிடாதீர்கள், தேர்வறை வாடை அடிக்கும். 'நாளைக்கு நீதான் பதில் சொல்லணும்' என்கிறோமே, அந்தத் தொனி போதும்.

மூலபாடம்:
அதைவிட வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பொறுப்போடு சேர்ந்து 'வினா'வும் வருகிறது என்கிறார் பக்தின். கேள்வி என்ற நம் வினா இல்லை, ரஷ்ய மொழியில் 'வினா' என்றால் குற்றம்! (பதிலைப் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு சொல் வந்து மாட்டுகிறது.) 'பழி' என்று போடாதீர்கள். பழியைச் செய்யாதவன் மேலும் போடலாம். இங்கே குற்றம் உண்மையிலேயே அவனுடையது.

சமூகப் பொறுப்பு வாசிப்பு இங்கேதான் தடுக்கி விழுகிறது. வாழ்க்கையின் கொச்சையான உரைநடைக்குத் தன் கவிதையே குற்றவாளி என்று கவிஞன் நினைவில் வைக்க வேண்டும்: இந்தப் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். மறுபாதி நம்மைப் போன்ற அன்றாட மனிதர்களுக்கு. எதையும் வற்புறுத்திக் கேட்காத நம் மெத்தனமும், நம் வாழ்க்கைக் கேள்விகளில் தீவிரம் இல்லாததுமே கலை மலடாவதற்குக் காரணம் என்கிறார். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டில், ரஷ்யாவின் நேவெல் என்ற சிற்றூரில், 1919 செப்டம்பர் 13 அன்று வெளியான இரண்டே பக்கம். அதில் கட்சியோ சமூகமோ நீதிபதியாக உட்காரவில்லை. பதில் சொல்ல வேண்டியது 'நான்'.

கரிசல்காற்று:
ஒப்புக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை: 'இருப்பில் அலிபி இல்லை' (வாழ்வதில் 'நான் அங்கே இல்லை' என்று தப்பிக்க வழியில்லை) என்ற பக்தினின் தொடரை இதற்குள் இழுத்துவராதீர்கள். அது பின்னர் எழுதிய, 1986இல்தான் அச்சேறிய, முதல் பக்கங்கள் தொலைந்த கைப்பிரதியில் வருவது. அடிக்குறிப்பில் வேண்டுமானால் சொல்லலாம்.

நிழல்மரம்:
நன்றி. கடைசி வாக்கியத்தை இப்படி வைத்திருக்கிறேன்: 'கலையும் வாழ்க்கையும் ஒன்றல்ல, ஆனால் என்னுள் ஒன்றாக வேண்டும், என் பொறுப்பின் ஒற்றுமையில்.'

மூலபாடம்:
மூலத்தில் முதலில் வருவது 'அத்னோ' (ஒன்று), பிறகு 'யெதீனிம்' (ஒருமைப்பட்டது). இரண்டுக்கும் 'ஒன்று' என்றே போட்டால், ஒன்றல்லாதது ஒன்றாகிவிடுகிறது என்ற முரண் மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவது சொல்லும் அதன்பின் வரும் 'யெதீன்ஸ்த்வெ'யும் (ஒருமை) ஒரே வேர். 'ஒற்றுமை' நாலுபேர் கைகோக்கும் சொல், இங்கே ஒவ்வாது. 'ஒன்றல்ல, ஆனால் என்னுள் ஒருமைப்பட வேண்டும், என் பொறுப்பின் ஒருமையில்' என்று மாற்றிப் பாருங்கள்.