பவுலஸ் ஏன் உடைத்துக்கொண்டு வெளியேறவில்லை?

ராஜாளி: இரண்டாம் உலகப் போரில், சோவியத் நகரான ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் ஆறாவது படையை அழித்தது ஹிட்லர்தான், அதன் தளபதி பவுலஸ் பாவம் என்று இன்னும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1942 நவம்பர் 23-இல் அந்தப் படையைச் சுற்றிச் சோவியத் வளையம் மூடியது. அனுமதிக்குக் காத்திருக்காமல் கிளம்புவோம் என்று அவருக்குக் கீழிருந்த சைட்லிட்ஸ் எழுதியே கொடுத்தார். பவுலஸ் அசையவில்லை.

எழுத்தாணி: கிளம்ப எதை வைத்து? தீவனம் இல்லையென்று குதிரைகளில் பெரும்பகுதியை முன்பே மேற்கே அனுப்பியாகிவிட்டது. பீரங்கியை யார் இழுப்பது? பவுலஸ் அனுமதி கேட்டார், 24-ஆம் தேதி மறுப்பு வந்தது. விமானத்தில் சரக்கு வருமென்றால் பொறுக்கலாம் என்றுதான், மீட்கும் பொறுப்பேற்ற தளபதி மான்ஸ்டைனே அப்போது நினைத்தார்.

ராஜாளி: அந்தச் சரக்கு லட்சணம் தெரியாதா? நாளுக்கு 300 டன்னாவது வேண்டும், சராசரியாக அதில் பாதிகூட வரவில்லை. டிசம்பரில் வெளியிலிருந்து மீட்க வந்த தளபதி ஹோத்தின் டாங்கிகள் சுமார் 50 கிலோமீட்டர் வரை நெருங்கின. அப்போதாவது?

எழுத்தாணி: பவுலஸிடம் இருந்த எரிபொருள் 30 கிலோமீட்டருக்குத்தான் காணும். மான்ஸ்டைனும் கடைசிவரை "கிளம்பு" என்று உத்தரவிடவில்லை.

சும்மா சுப்பு: அண்ணன்மாரே, ஆளைப் பாருங்கள். 1942 ஜனவரியில் இந்தப் படையை ஏற்கும்வரை பவுலஸ் ஒரு டிவிஷனைக்கூடப் போரில் நடத்தியதில்லை. இதே படையின் முந்தைய தளபதி ரைஷெனாவிடம் தலைமை அலுவலர், அப்புறம் 1940-லிருந்து பெர்லின் பக்கம் உட்கார்ந்து ரஷ்யப் படையெடுப்புக்குத் திட்டம் தீட்டியவர். உத்தரவை மீறும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வரும்?

எழுத்தாணி: அதே ஆள்தான் மே மாதம் கார்கிவில் ஜெயித்தார், சுப்பு.

ராஜாளி: மேலிடம் சொன்னபடி செய்து ஜெயித்தார். சரி, 1943 ஜனவரி 8-ஆம் தேதி சோவியத் தரப்பிலிருந்து சரணடையச் சொல்லிக் கெடு வந்ததே, அதை ஏன் தள்ளினார்? அதற்கு எரிபொருள் வேண்டாமே!

எழுத்தாணி: காக்கசஸில் இருந்த ஜெர்மன் படை அப்போதுதான் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாலின்கிராடு விழுந்தால் சோவியத் படைகள் மொத்தமும் ரோஸ்டோவ் பக்கம் திரும்பி அந்தப் படை வெளியேறும் வழியை அடைத்திருக்கும். ராணுவக் கணக்கில் அது காரணம்தான்.

ராஜாளி: அந்தக் கணக்கில் பட்டினி கிடந்தவன் சிப்பாய். ஜனவரி 30-இல் பவுலஸ் ஃபீல்டு மார்ஷல் ஆனார், மறுநாள் பிடிபட்டார். அங்கே சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் 6,000 பேர் அளவுக்கே ஊர் திரும்பினார்கள். இவர் 1953-இல் விடுதலையாகி டிரெஸ்டனில் வாழ்ந்தார். 1946-இல் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் படையெடுப்புத் திட்டத்தைப் பற்றிச் சாட்சி சொன்னபோது, "உமக்கும் பங்குண்டே" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் குடைந்ததில் தப்பே இல்லை.

எழுத்தாணி: அது வேறு வழக்கு நண்பரே. குதிரையில்லாத பீரங்கிகளை நவம்பரில் எப்படி நகர்த்துவது என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.