மறு: பூப்போட்ட பழைய குடை – நிழற்குடையா, வெயிற்குடையா?

நண்பர்களுக்கு வணக்கம். கண்காட்சியில் வைக்கப்போகும் அந்தப் பழைய பட்டுக் குடைக்கு, பெண்கள் வெயிலுக்குப் பிடிக்கும் வகைக்கு, பலகையில் தமிழில் என்ன பெயர் எழுதலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

கடலூர் நண்பர் சொன்ன "நிழற்குடை" அழகான சொல்தான். ஆனால் அவர் ஊர் பஸ் நிறுத்தங்களில் "பயணியர் நிழற்குடை" என்று எழுதி வைத்திருக்கிறார்களே! கண்காட்சிப் பலகையில் "பட்டு நிழற்குடை" என்று படிப்பவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதிதான் நினைவுக்கு வரும். "பூக்குடை" இன்னும் ஆபத்து. ஒரு சுழி கூடினால் பூக்கூடை.

புதுச்சேரி வைசியாள் வீதி வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய அந்தக் குடையை நேற்று முற்றத்தில் விரித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பி, சந்தன நிறப் பட்டு. இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு ரோஜாக் கொத்து, தூரிகையால் தீட்டியது. ஒரே ஒரு கொடி மட்டும் தையலைத் தாண்டி அடுத்த கூறுக்குள் போகிறது. இலையின் இரு பாதியும் பிசகாமல் சேர்கின்றன. தைத்து முடித்த பிறகே தீட்டியிருக்க வேண்டும். வெயில் பட்டதும் உட்புறமும் பூத்தது: தெருவுக்குப் பளிச்சென்று, பிடித்திருப்பவருக்கு மங்கலாக.

மடிப்புகளில் பட்டு கீறியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றுவார்கள். அந்தப் பட்டு இப்படித்தான் நொறுங்கும். தயவுசெய்து இனி யாரும் விரிக்க வேண்டாம்.

"பரசோல்" என்றே எழுதலாம் என்று நான் சொன்னதும் அந்த வைசியாள் வீதி வீட்டுக்கார அம்மாள் சிரித்துவிட்டார். பிரெஞ்சில் பரசோல் என்றால் கடற்கரையில் ஊன்றிவைக்கும் பெரிய குடையாம். பெண்கள் கையில் பிடிப்பது ஓம்ப்ரேல், மழைக்கு பராப்ளூயி. கைக்குடையைப் பரசோல் என்பது ஆங்கிலேயர் பழக்கம். அதைப் புதுச்சேரியில் பிரெஞ்சு என்று எழுதி மாட்டிக்கொள்ள வேண்டுமா?

என் வாக்கு "வெயிற்குடை"க்கே. புறநானூறு 35இல் வெள்ளைக்குடி நாகனார், உன் குடை வெயில் மறைக்கவா, வருந்திய குடிகளைக் காக்கவல்லவா என்று சோழன் கிள்ளிவளவனிடம் கேட்கிறார். குடையின் வேலை வெயில் மறைப்பது என்று கேட்பவர் மனதில் இருந்தால்தான் அந்தக் கேள்வி எடுபடும்.

கைப்பிடிக்குக் "காம்பு" போதும். பூவுக்கும் குடைக்கும் நம்மிடம் அந்த ஒரே சொல்தான். இந்தக் குடையில் அதைக் கணு விட்ட ரோஜாத் தண்டாகவே செதுக்கியிருக்கிறார்கள்.

நடுத்தண்டில் ஏறி இறங்கிக் கம்பிகளை விரிக்கும் வளையத்துக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. குடை பழுதுபார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கடலூர் நண்பர் கேட்டு எழுதட்டும். அந்தப் பயணியர் நிழற்குடையின் கீழேயே ஒருவர் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாரே.