சைலன்சர் வாங்குவது என் பெயரிலா, டிரஸ்ட் பெயரிலா? மனைவி எச்-1பி விசாவில் இருக்கிறார்

சான் அன்டோனியோ வாசி எழுதியது:

வணக்கம். டெக்சாஸில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். 2022இல் எனக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் திருமணம் நடந்தது. மனைவி தம் சொந்த எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார்.

நண்பர் ஒருவரின் பண்ணையில் காட்டுப்பன்றிகள் சோளத்தை உழுது தள்ளுவதால், மாதம் ஒருமுறை அவருடன் வேட்டைக்குப் போகிறேன். காதடைப்பான் போட்டிருந்தும், போய் வந்த இரண்டு நாளைக்குக் காதில் ரீங்காரம் நிற்பதில்லை. எனவே ரைஃபிளுக்கு, சுடும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் ஒன்று வாங்கலாம் என்று கடையில் விசாரித்தேன். 'இப்போது வரியே இல்லை, உங்கள் பெயரில் வாங்குகிறீர்களா, டிரஸ்ட் பெயரிலா என்பதை மட்டும் சொல்லுங்கள்' என்றார் விற்பனையாளர். டிரஸ்ட் என்பது பொருளை நம் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரில் வைத்திருக்கும் ஒரு சட்ட ஏற்பாடாம்; அதன் ஆவணத்தையும் அவர்களே சிறு கட்டணத்துக்குத் தயாரித்துத் தருவார்களாம்.

வரி போய்விட்டதென்றால் பதிவும் போய்விட்டதா? இரண்டில் எது எனக்குப் பொருந்தும்? வீட்டில் இருவருக்கும் ஒரே பெட்டகம்தான்; அதன் எண் மனைவிக்கும் தெரியும். இதனால் ஏதேனும் சிக்கல் வருமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


குவாடலூப் கரை எழுதியது:

நண்பரே, நான் வழக்கறிஞன் அல்லேன். 2019 முதல் மூன்று சைலன்சர்களைப் பதிவு செய்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

வரிதான் போயிற்று, பதிவு போகவில்லை. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் சைலன்சரையும் இயந்திரத் துப்பாக்கியையும் ஒரே பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி விதித்தது. அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,000 டாலருக்கு மேல். வாங்கவிடாமல் தடுப்பதற்கென்றே வைத்த தொகை அது. தொண்ணூறு ஆண்டுகளாக அந்த எண்ணை யாரும் உயர்த்தாததால், கடைசியில் சைலன்சரின் விலையைவிட வரி குறைவு என்ற நிலை வந்துவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் அதைப் பூஜ்யமாக்கியது. இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டாலர் அப்படியே இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், விரல்ரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, ஒப்புதல் வரும்வரை பொருள் கடையிலேயே இருப்பது ஆகியவற்றில் ஒன்றும் மாறவில்லை. வரியே இல்லாதபோது வரி வசூலிக்கும் அதிகாரத்தின் பேரில் பதிவைக் கட்டாயமாக்க முடியுமா என்று கேட்டுச் சிலர் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. தீர்ப்பை எதிர்பார்த்து நீங்கள் பதிவைத் தவிர்த்தால், 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் உங்கள் தலையில் விழும்.

நடைமுறை இதுதான். சைலன்சர் விற்பதற்கான தனி வரித் தகுதி பெற்ற டீலரிடம் வாங்க வேண்டும். அவர் உங்கள் மாநிலத்தவராக இருக்க வேண்டும். வேறு மாநிலத்துக் கடையில் உள்ள பொருள் பிடித்திருந்தால், அது முதலில் ஃபார்ம் 3 என்ற, டீலருக்கு டீலர் மாற்றும் படிவத்தின் வழியாக உங்கள் ஊர் டீலருக்கு வரும். பிறகு அவர் அதை உங்களுக்கு மாற்றித் தருவதற்கான ஃபார்ம் 4 என்ற விண்ணப்பத்தை இணையத்தில் தொடங்குவார். விண்ணப்பத்தின் ஒரு பிரதி உங்கள் பகுதி ஷெரிஃபுக்கோ காவல்துறைத் தலைவருக்கோ போகும். 2016 ஜூலைக்கு முன்பு தனிநபர் விண்ணப்பத்தில் அந்த அதிகாரியின் கையொப்பமே வேண்டும். டிரஸ்டுக்கு அது வேண்டாம். அந்தக் காலத்தில் பலரும் டிரஸ்டை நாடியதற்கு அது முக்கியமான காரணம். அந்த ஆண்டு வந்த விதி கையொப்பத்தை நீக்கி வெறும் தகவல் தெரிவிப்பாக மாற்றியது. கூடவே, டிரஸ்டில் பொறுப்பு வகிக்கும் ஒவ்வொருவரும் விரல்ரேகையும் புகைப்படமும் தர வேண்டும் என்றும் ஆக்கியது. எனவே 'டிரஸ்ட் என்றால் காகித வேலை குறைவு' என்று யாராவது சொன்னால், அது பத்தாண்டுக்கு முந்தைய பேச்சு.

ஒன்றைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். முழு விலையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்புமா, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.


டேட்டன் தாத்தா எழுதியது:

தம்பி, கேள்வியின் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். பெட்டகத்தின் எண் மனைவிக்குத் தெரியும் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி.

தனிநபராகப் பதிவு செய்தால் அந்தப் பொருளை வைத்திருக்கும் உரிமை உங்கள் ஒருவருக்கே. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வேறொருவர் சுட்டுப் பார்க்கலாம்; நீங்கள் இல்லாதபோது அதை எடுக்கக்கூடிய நிலையில் யாரும் இருக்கக் கூடாது. கையில் எடுக்காவிட்டாலும், எடுக்கும் வசதி தம்மிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தால் அதையும் உடைமை என்றே நீதிமன்றங்கள் கருதக்கூடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பெரும்பாலான தம்பதியர் டிரஸ்ட் வைக்கிறார்கள்; இருவரும் டிரஸ்டிகளாக, அதாவது டிரஸ்டின் பொருளைக் கையாளும் பொறுப்பாளர்களாக, இருந்தால் யார் வேண்டுமானாலும் தனியாக எடுத்துச் செல்லலாம். (டிரஸ்ட் என்றதும் நம்மூர் அறக்கட்டளையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது எப்போது வேண்டுமானாலும் திருத்தவோ கலைக்கவோ கூடிய ஒரு குடும்ப ஏற்பாடு, அவ்வளவுதான்.)

உங்கள் வீட்டிலோ அந்த வழி இப்போது அடைபட்டிருக்கிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொதுவிதி. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே இதற்குள் அடங்கும். அதே சட்டம் சைலன்சரையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது. எனவே உங்கள் மனைவியை டிரஸ்டியாகச் சேர்த்தால் விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்பு மிகுதி. திரும்பி வருவதைவிடப் பெரிய தொல்லை, அவருடைய குடியேற்றக் கோப்பில் ஒரு துப்பாக்கிக் குற்றச்சாட்டின் நிழல் விழுவது. பெட்டகத்தில் ஏற்கெனவே இருக்கும் ரைஃபிளுக்கும் இதே கேள்வி எழும். அதை நீங்கள் இதுவரை யோசிக்கவில்லை என்றே தோன்றுகிறது. இன்றிரவே எண்ணை மாற்றிவிடுங்கள். மனைவியின் நகைகளுக்கு வேறொரு சிறிய பெட்டி வாங்கித் தாருங்கள்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு: ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால், டெக்சாஸில் நில உரிமையாளரின் அனுமதியுடன் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுடுவதற்கு 2019 செப்டம்பர் முதல் வேட்டை உரிமமே தேவையில்லை. உங்கள் வேட்டைக்கு வேண்டாத அந்தச் சீட்டு, விசாவில் இருப்பவருக்குச் சட்டத்தின் முன் கவசமாகிறது. ஆனால் அது ஆண்டுக் கவசம்; காலாவதியான மறுநாள் பாதுகாப்பும் போய்விடும். அதை நம்பி ஒரு குடும்பத்தின் விசாவைப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

என் முடிவு: உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.


குவாடலூப் கரை எழுதியது:

ஐயா சொன்னதில் விசா பற்றிய பகுதி முழுவதும் சரி. அதை நான் கவனிக்காமல் விட்டது தவறு. முடிவில் மட்டும் மாறுபடுகிறேன்.

நண்பர் தம்மை மட்டும் டிரஸ்டியாக வைத்து இப்போதே ஒரு டிரஸ்டை ஏற்படுத்தலாம். இன்றைக்கு அவர் ஒருவருடைய விரல்ரேகையும் புகைப்படமும் போதும். நாளை மனைவிக்குக் கிரீன் கார்டு கிடைத்ததும், டிரஸ்ட் ஆவணத்தில் ஒரு திருத்தம் எழுதி அவரைச் சேர்த்துவிடலாம். ஏற்கெனவே பதிவான சைலன்சருக்குப் புதிய விண்ணப்பம் தேவையில்லை. அடுத்த சைலன்சர் வாங்கும்போதுதான் அவருடைய ரேகையும் போக வேண்டியிருக்கும்.

ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே ஆள் ஒரே டிரஸ்டியாகவும் ஒரே பயனாளியாகவும் இருந்தால் டெக்சாஸ் சட்டப்படி அந்த டிரஸ்ட் நிற்காது. பயனாளியாக வேறொருவர் இருக்க வேண்டும். அந்தப் பயனாளிக்குப் பொருளைக் கையாளும் அதிகாரம் எதுவும் இல்லை என்பது ஆவணத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் பொறுப்பு வகிப்பவர் என்ற கணக்கில் வந்துவிடுவார். கடைகளில் கிடைக்கும் அச்சு டிரஸ்டுகள் 'மனைவியும் டிரஸ்டி' என்றே எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதால், கையெழுத்திடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள்.


டேட்டன் தாத்தா எழுதியது:

ஏற்கத்தக்க வாதம்தான். 200 டாலர் வரி இருந்த காலத்தில் நானும் இதையே சொல்லியிருப்பேன். ஏனென்றால் தனிநபர் பெயரிலிருந்து தம் சொந்த டிரஸ்டுக்கு மாற்றுவதும் ஒரு கைமாற்றம்தான், அதற்கு மீண்டும் 200 டாலர் கட்ட வேண்டியிருந்தது. இப்போது அந்த மாற்றத்துக்கும் வரி இல்லை. தவறான தேர்வுக்கு இன்று கொடுக்கும் விலை இன்னொரு ஃபார்ம் 4உம் சில வாரக் காத்திருப்பும் மட்டுமே. ஒரே ஒரு சைலன்சருக்காக டிரஸ்ட் ஆவணத்தைக் காலமெல்லாம் பேணுவது எனக்குச் சுமையாகத் தோன்றுகிறது; மூன்று நான்கு வாங்கும் எண்ணம் இருந்தால் உங்கள் வழியே மேல்.

வாரிசுரிமைக்காக டிரஸ்ட் அவசியம் என்பதும் மிகைப்படுத்தப்பட்ட பேச்சு. தனிநபர் பெயரில் இருந்தாலும் சட்டப்படியான வாரிசுக்கு ஃபார்ம் 5 மூலம் வரியின்றி மாற்றலாம். உயிலை நிறைவேற்றுபவர் அதுவரை பொருளைப் பாதுகாத்து வைத்திருக்கலாம். வாரிசும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கம்பெனி பெயரில் வாங்குவது பற்றி யாரும் கேட்கவில்லை; கேட்காமலே இருங்கள். கம்பெனியைக் கலைக்கும் நாளில் அந்தப் பொருள் யாருக்குச் சொந்தம் என்பது பெரும் தலைவலி.


ஊர் மாறியவன் எழுதியது:

இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். ஜார்ஜியாவில் தனிநபராக ஒன்றை வாங்கினேன். ஒன்றரை ஆண்டில் வேலை என்னை நியூ ஜெர்சிக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே சைலன்சர் வைத்திருப்பதே குற்றம். கலிஃபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், டெலவேர், இல்லினாய், ஹவாய் ஆகியவற்றிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இதே நிலைதான். நம் ஆட்கள் வேலைக்காக மாறிச் செல்லும் ஊர்களில் பாதி இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். என் பொருளை ஜார்ஜியாவில் உள்ள ஒரு டீலருக்கே நட்டத்துக்கு விற்றுவிட்டு வந்தேன். டிரஸ்டில் அங்கே வசிக்கும் தகுதியுள்ள நண்பர் ஒருவர் டிரஸ்டியாக இருந்திருந்தால், அவரிடம் விட்டு வந்திருக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காக நான் டிரஸ்ட் பக்கம்.

இன்னொன்று: என் விண்ணப்பம் முதல்முறை திரும்பி வந்தது பெயர்க் குழப்பத்தால். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், விரல்ரேகை அட்டையில் முதலெழுத்தாகவும் இருந்தது. நம் பெயர்களை இங்குள்ள கட்டங்களில் அடைக்கும் துன்பம் உங்களுக்குத் தெரியாததல்ல. கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், ரேகை அட்டை, ஃபார்ம் 4 என நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். குடியுரிமை எந்த நாடு, குடிமகன் அல்லாதவருக்குத் தரப்படும் ஏலியன் எண் என்ன என்று கேட்கும் கட்டங்களையும் விடாமல் நிரப்புங்கள்.


சான் அன்டோனியோ வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவே பெட்டகத்தின் எண்ணை மாற்றிவிட்டேன். காரணத்தை விளக்கியபோது மனைவி சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். டெக்சாஸிலேயே தயாரான சைலன்சருக்குக் கூட்டாட்சிப் பதிவு வேண்டாம் என்று 2021இல் மாநிலச் சட்டம் வந்ததாக நண்பர் சொல்கிறார். துப்பாக்கி சுத்தம் செய்யும் குழாய் என்ற பெயரில் இணையத்தில் மலிவாக ஒன்றைக் காட்டியும், இதை வாங்கிக்கொள் என்கிறார். இரண்டும் உண்மையா?


குவாடலூப் கரை எழுதியது:

மாநிலச் சட்டம் வந்தது உண்மை. அது உங்களைக் காக்கும் என்பது உண்மையன்று. கான்சாஸில் இதே போன்ற மாநிலச் சட்டத்தை நம்பிப் பதிவின்றி சைலன்சர் செய்து விற்றவரும் அதை வாங்கியவரும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. மாநிலச் சட்டத்தை நம்பினோம் என்ற வாதம் எடுபடவில்லை.

அந்தக் குழாய் அதைவிட ஆபத்தானது. சைலன்சராகப் பயன்படுத்தவென்று அமைந்த பாகங்களின் தொகுப்பையும் சட்டம் சைலன்சர் என்றே கொள்கிறது. சொந்தமாகச் செய்ய விரும்புவோருக்கு ஃபார்ம் 1 என்ற முறையான வழி இருக்கிறது. ஒப்புதல் வந்த பிறகுதான் செய்யத் தொடங்க வேண்டும். உங்கள் நண்பரிடம் அதை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கிரீன் கார்டுடன் இருக்கும் நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒப்புதல் வந்ததும் அந்தப் படிவத்தின் பிரதியை சைலன்சருடன் எப்போதும் வைத்திருங்கள். கூட்டாட்சி அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும் என்பது சட்டம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது துப்பாக்கிப் பையையே பெட்டி கட்டப் பயன்படுத்தாதீர்கள். 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டமும், ஓசையைக் குறைக்கும் துணைக்கருவியைத் துப்பாக்கி என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது.


சான் அன்டோனியோ வாசி எழுதியது:

தெளிவாயிற்று. என்னை மட்டும் டிரஸ்டியாகவும் என் தங்கை மகனைப் பயனாளியாகவும் வைத்து டிரஸ்ட் எழுதப்போகிறேன். கடை ஆவணத்தை ஏற்காமல் இங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் கொடுக்கிறேன். குடியேற்ற வழக்கறிஞருடன் பேசுவதற்குச் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். ஓட்டுநர் உரிமத்தில் என் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். முதல் வேலையாக அதைத் திருத்த வேண்டும்.