சரக்கு வண்டியில் ஏர் ஹாரன்: தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சட்டம் வேறுபடுகிறதா?

களக்காடு வாழைமண்டி:

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டிலிருந்து தென்காசி, புளியரை வழியாகப் புனலூருக்கு வாழைத்தார் கொண்டுசெல்லும் குட்டியானை சரக்கு வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. இரவில் தார் ஏற்றி, விடிவதற்குள் எல்லையைத் தாண்டுவது வழக்கம். புதிதாகச் சேர்ந்துள்ள ஓட்டுநர், வண்டியோடு வந்த ஹாரன் புளியரை எஸ் வளைவில் எதிரே வரும் லாரிக்குக் கேட்பதில்லை என்று சொல்லி, ஏர் ஹாரன் மாட்டித் தரும்படி கேட்கிறார். உதிரிபாகக் கடைக்காரரோ, கேரளத்தில்தான் தடை, தமிழ்நாட்டில் இல்லை என்கிறார். இது உண்மையா? பிடிபட்டால் பொறுப்பு ஓட்டுநருக்கா, உரிமையாளரான எனக்கா? விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பாளை வழக்கறிஞர்:

அண்ணாச்சி, கடைக்காரர் சொன்னது தவறு. ஹாரன் பற்றிய விதி மத்திய அரசு இயற்றியது. புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது ஒன்றேதான். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆவது விதி, வெவ்வேறு சுரங்களை அடுத்தடுத்து எழுப்பும் ஹாரனையும், காதைத் துளைக்கும்படியோ, அளவுமீறிய சத்தத்துடனோ, கேட்பவர் திடுக்கிடும்படியோ ஒலிக்கும் எந்தக் கருவியையும் வாகனத்தில் பொருத்தக் கூடாது என்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் துறை போன்றவற்றின் வாகனங்களுக்குத்தான் விலக்கு உண்டு. பொருத்துவதையே விதி தடுப்பதால், மாட்டி மட்டும் வைத்திருக்கிறேன், அடிப்பதில்லை என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

பொறுப்பு இருவருக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 194எஃப் பிரிவின்படி, தேவையின்றியோ தொடர்ச்சியாகவோ ஹாரன் அடிப்பவருக்கு முதல் முறை 1,000 ரூபாயும், அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம். இது ஓட்டுநரைச் சேரும். அனுமதிக்கப்படாத உதிரிபாகத்தைப் பொருத்தி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு, 182ஏ பிரிவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. ஒலி மாசு தொடர்பான 190(2) பிரிவு அபராதத்தில் இதைவிடக் கடுமையானது. அது ஓட்டுபவரோடு, ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

நீதிமன்றம் போகாமல் கட்டித் தீர்க்கும் தொகையை, 200ஆவது பிரிவின் கீழ், மாநில அரசு நிர்ணயிக்கலாம். தமிழ்நாடு அரசு அந்தத் தொகைகளை 2022 அக்டோபரில் உயர்த்தியது. ஆகவே எல்லையில் நீங்கள் காணும் வேறுபாடு சோதனையின் கடுமையில் இருக்கிறது. 2025 அக்டோபரில் கேரளப் போக்குவரத்துத் துறை ஏர் ஹாரன்களுக்கு எதிராகத் தனிச் சோதனை நடத்தி, கைப்பற்றியவற்றைக் கொச்சியில் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியது. கடைக்காரர் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு, சட்டமே கேரளத்துக்குரியது என்று எண்ணியிருக்கலாம்.

பேட்டை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

சட்டத்தை வழக்கறிஞர் சொல்லிவிட்டார். வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். பேருந்திலும் பெரிய லாரியிலும் ஏர் பிரேக்குக்காக நிரப்பி வைத்திருக்கும் காற்றையே ஏர் ஹாரனுக்கும் இழுக்கிறார்கள். அந்த இணைப்பில் கசிவு ஏற்பட்டால் இழப்பு பிரேக்கின் காற்றழுத்தத்துக்குத்தான். குட்டியானையில் ஏர் பிரேக் கிடையாது என்பதால், மின்சாரத்தில் ஓடும் சிறு கம்ப்ரசரைத் தனியாக வைக்க வேண்டும். அது இழுக்கும் மின்னோட்டத்தை ஹாரன் சுவிட்சும் மெல்லிய வயரும் தாங்குவதில்லை. ரிலே (அதிக மின்னோட்டத்தைச் சுவிட்சுக்குப் பதிலாகத் தாங்கும் இணைப்பி) இல்லாமல் மாட்டி, சுவிட்ச் கருகி, வயர் உருகிய நிலையில் என்னிடம் வந்த வண்டிகள் பல.

முதலில் இருக்கிற ஹாரனைச் சரிபாருங்கள். எர்த் இணைப்பில் துரு ஏறியிருந்தாலோ, பேட்டரி மின்னழுத்தம் முழுமையாக வந்து சேராவிட்டாலோ நல்ல ஹாரனும் முனகத்தான் செய்யும். அதன் பிறகும் சத்தம் போதவில்லை என்றால், ஐ.எஸ். 1884 தரத்துக்கு உட்பட்ட, ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் உயர் ஒலி, தாழ் ஒலி ஜோடி ஹாரனை ரிலே வைத்து மாட்டிக்கொள்ளலாம். வளைவில் எச்சரிக்கை கொடுக்க அது தாராளமாகப் போதும். இரவில் வளைவுக்கு முன்பே முகப்பு விளக்கை டிப் செய்து காட்டுவது ஹாரனைவிட முன்னதாக எதிர் வண்டிக்குத் தெரியும்.

பாளையங்கோட்டை ஆசிரியை:

இரவில் புறப்படும் வண்டி என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் பொது அவசர நிலை தவிர எந்த ஹாரனும் அடிக்கக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டருக்கு அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் பகலிலும் கூடாது. எங்கள் ஊரில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையும், தெருவுக்குத் தெரு பள்ளிகளும் உள்ளன. பார்வையற்றோர் பள்ளி மாணவர்கள் வண்டி எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் வருகிறது என்பதைக் காதால் அறிந்துதான் சாலையைக் கடக்கிறார்கள். ஏர் ஹாரன் அலறும்போது மற்ற ஒலிகள் எல்லாம் அதில் மூழ்கிவிடுகின்றன. பிள்ளைகள் நடுச்சாலையில் திகைத்து நின்றுவிடுகிறார்கள். உங்கள் வண்டி இவ்வழியாக வராவிட்டாலும், அம்பையிலும் கடையத்திலும் சாலையோர வீடுகளில் உறங்குபவர்களை எண்ணிப் பாருங்கள்.

களக்காடு வாழைமண்டி:

மூவருக்கும் நன்றி. ஓட்டுநரை அருகில் அமர்த்தி எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 190(2) பிரிவின் கீழ் ஓட்டுநர் உரிமத்துக்கும் பாதிப்பு வருமா என்று கேட்கிறார். எலக்ட்ரீசியன் அண்ணாச்சி, எர்த் இணைப்பைப் பார்க்கவும் ஜோடி ஹாரன் மாட்டவும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பேட்டைக்குக் கொண்டுவரலாமா?

பாளை வழக்கறிஞர்:

வரும். அந்தப் பிரிவின் கீழ் முதல் முறை தண்டிக்கப்பட்டாலே மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கும் தகுதியை இழப்பார்.

பேட்டை ஆட்டோ எலக்ட்ரீசியன்:

ஞாயிறு காலையில் கொண்டுவாருங்கள். பழைய ஹாரனைக் கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள். மின்னழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.