மறுமொழி: டிஎன்எஃப்-ஆல்ஃபா குப்பியின் பெயர்ச்சீட்டுக்குத் தமிழ்

அன்புள்ள நண்பர்களுக்கு,

டிஎன்எஃப்-ஆல்ஃபா என்பது உடலில் அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம். ஆராய்ச்சிக்காக அதை அடைத்து வரும் குப்பியின் ஆங்கிலப் பெயர்ச்சீட்டுக்கு நீங்கள் பரிந்துரைத்த தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன். 'மறுசேர்க்கை மனித அழற்சிப் புரதம்' என்ற பரிந்துரையை ஆங்கிலத்தை மறந்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். மறுசேர்க்கைக்கு உள்ளானவர் மனிதர் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் மறுசேர்க்கை, அதாவது டிஎன்ஏ துண்டுகளை வெட்டி ஒட்டுவது, நடந்தது மரபணுவில். மனிதருடையது அந்த மரபணுவின் வரிசை மட்டுமே. குப்பியின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் உருவாகி, பிரித்துத் தூய்மையாக்கப்பட்டது. மனித இரத்தத்திலிருந்து எடுத்ததல்ல. அதனால் 'மனிதவகை' என்போம். சுண்டெலிவகையும் தனியாகக் கிடைக்கிறது. மனிதவகை டிஎன்எஃப் சுண்டெலி உயிரணுவில் அதன் செய்தியை வாங்கும் இரண்டு ஏற்பிகளில் முதலாவதோடு இணையும். இரண்டாவதோடு சரியாக இணையாது. மாற்றிப் போட்டால் சோதனையே தடம் மாறிவிடும். எனவே இந்த அடைமொழியை விடக்கூடாது.

அடுத்து, 'அழற்சிப் புரதம்' மிகவும் அகலமான சொல். கல்லீரல் சுரக்கும் சிஆர்பியும் அழற்சியின்போது கூடுகிற புரதம்தானே? டிஎன்எஃப் செய்யும் வேலை வேறு. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற உயிரணு அதை வெளியே விடுகிறது. அது இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுவில் பட்டதும், ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுமூலக்கூறுகள் அங்கே முளைக்கின்றன. ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவுக்குச் சொல்லியனுப்பும் செய்தி இது. தூது என்பதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. வெறும் 'அழற்சித் தூதி' போதாதா என்றால், போதாது. ஹிஸ்டமினும் புரோஸ்டகிளாண்டினும் அழற்சியில் தூது போகின்றன, அவை புரதங்கள் அல்ல. 'அழற்சித் தூதுப்புரதம்' என்றால் குழப்பம் தீரும். அழற்சியைத் தூண்டும் இன்னொரு புரதமான இன்டர்லூக்கின்-1 பீட்டாவுக்கும் இதே சொல் பொருந்தும்.

டிஎன்எஃப் (Tumor Necrosis Factor) என்ற பெயரையே 'கட்டியழிப்புக் காரணி' என்று பெயர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். 1975இல் சுண்டெலிகளின் கட்டிகள் கருகியதைப் பார்த்து வைத்த பெயர் அது. இன்று மூட்டுவாத நோயாளிகளுக்கு இதைத் தடுக்கத்தான் மருந்து தருகிறார்கள். மொழிபெயர்த்தால் புற்றுநோய் மருந்து என்று எண்ணிவிடுவார்கள். பெயர்ச்சொல்லாகவே இருக்கட்டும்.

சீட்டில் அளவு குறிக்கப்படும் 'எண்டோடாக்சின்' என்ற பாக்டீரிய நச்சுக்கு 'அகநச்சு' என்ற சொல் சரி, எனக்கும் உடன்பாடு. அந்த அளவைச் சின்ன எழுத்தில் ஓரமாகப் போடக்கூடாது. ஈ.கோலையின் வெளிச்சவ்வில் உள்ள இந்த நச்சு, மேக்ரோஃபேஜைத் தானே தூண்டி டிஎன்எஃப் சுரக்க வைக்கும். அப்புறம், கண்ட விளைவு குப்பியிலிருந்த புரதத்தாலா, ஒட்டிவந்த நச்சாலா என்று பிரித்தறிவது கடினம்.

கடைசியாக 'ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்'. நம் ஊரில் ஆய்வகம் என்றால் பலருக்கு இரத்தப் பரிசோதனை செய்யும் லேப்தான். அங்கே இதற்கு இடமில்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும், நோயறிதலுக்கோ சிகிச்சைக்கோ அன்று' என்று முழுதாக எழுதுவோம்.

ஆக, சீட்டில் இப்படி வரலாம்: டிஎன்எஃப்-ஆல்ஃபா, மனிதவகை அழற்சித் தூதுப்புரதம், மரபணு மறுசேர்க்கையால் ஆக்கியது. 'மறுசேர்க்கை'யா 'மறுகூட்டிணைவா' என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.