டாங்கிக் குழலிலிருந்து பாயும் லேசர் ஏவுகணை: கண் மூக்கிலா, வாலிலா? உதவி தேவை

இளங்கோ:
வணக்கம். கல்லூரி ஆண்டு மலருக்காக டாங்கி ஏவுகணைகள் பற்றி ஒரு விளக்கப்படம் வரைந்து வருகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். டி-90 பீஷ்மா டாங்கி சுடும் இன்வார் ஏவுகணை, அர்ஜுன் டாங்கிக்காக நம் நாட்டில் உருவான ஏவுகணை, இரண்டையுமே 'லேசர் வழிகாட்டல்' என்றுதான் எங்கும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் இன்வாரின் குறுக்குவெட்டுப் படத்தில் மூக்கில் உணரியே இல்லை. அப்படியானால் அது இலக்கை எப்படிப் பார்க்கிறது? லேசர் அம்புக்குறியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? படம் அச்சுக்குப் போவதற்குள் தெளிவு வேண்டும்.

பழைய கன்னர்:
தம்பி, இன்வார் இலக்கைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பவர் கன்னர், அதாவது டாங்கிக்குள் குறிபார்த்துச் சுடும் வீரர். ஏவுகணையின் கண் வாலில் இருக்கிறது. தன்னைச் சுட்ட டாங்கியைத்தான் அது திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறது. டாங்கியின் குறிநோக்கியிலிருந்து குறியீடு கலந்த லேசர் கற்றை ஒன்று நீள்கிறது. அதன் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை வாலில் உள்ள உணரி அறிகிறது. அதற்கேற்ப முன்னால் உள்ள சிறு துடுப்புகள் திரும்புகின்றன. கன்னர் செய்ய வேண்டியது குறியை இலக்கின் மீது அசையாமல் வைத்திருப்பது மட்டுமே. 5 கிலோமீட்டர் தொலைவுக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகும். எதிரி திருப்பிச் சுடக்கூடிய களத்தில் அது நீண்ட நேரம்.

படத்தில் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். எரிபொருள் புகை பின்பக்கம் வந்தால் வால் கண்ணை மறைத்துவிடும் அல்லவா? அதனால் இந்த வகையில் மோட்டாரை வெடிமுனைக்கு முன்னால் வைத்து, புகைவாய்களை உடலின் பக்கவாட்டில் அமைத்திருக்கிறார்கள். குழலுக்குள் இருக்கும்போது, ஏவுகணையை வெளியே தள்ளும் உந்துமருந்தின் அனலிலிருந்து பின்பக்கத்தை ஒரு மூடி காக்கிறது. வெளியே வந்ததும் அது கழன்று விழுந்துவிடும். சோவியத் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

செங்கதிர்:
அர்ஜுன் கதை வேறு. அங்கே லேசரை இலக்கின் மீது பாய்ச்சுகிறார்கள். பட்டுத் தெறிக்கும் ஒளியை ஏவுகணையின் மூக்கில் உள்ள உணரி பிடித்துக்கொண்டு நெருங்குகிறது. ஆகவே முதல் படத்தில் ஓர் அம்புக்குறி போதும்: டாங்கியிலிருந்து ஏவுகணையின் வாலுக்கு. இரண்டாவதில் இரண்டு வேண்டும்: டாங்கியிலிருந்து இலக்குக்கு, இலக்கிலிருந்து மூக்குக்கு. இஸ்ரேலின் லாஹாட் ஏவுகணையும் இந்த இரண்டாவது வகைதான். இதில் ஒரு வசதி உண்டு: ஒளியைப் பாய்ச்சுபவர் சுடுபவராகவே இருக்க வேண்டியதில்லை, மேட்டில் நிற்கும் இன்னொருவர் செய்யலாம். ஆனால் இலக்கின் மீதே ஒளி படுவதால், லேசர் எச்சரிக்கைக் கருவி உள்ள எதிரி டாங்கி உடனே விழித்துக்கொண்டு புகைக்குண்டு வீசக்கூடும்.

இளங்கோ:
மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். அர்ஜுனிடம் 120 மி.மீ. பீரங்கி இருக்கிறது. விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயும் அம்பு வடிவக் குண்டும் இருக்கிறது. அதற்கு மேல் ஏவுகணை எதற்கு?

செங்கதிர்:
அந்த அம்பு வேகத்தால் துளைக்கிறது. தொலைவு கூடக்கூட வேகமும் குறையும், குறியும் சிதறும். ஏவுகணையின் வெடிமுனையோ, வெடிக்கும்போது பீறிடும் செம்புத் தாரையால் துளைக்கிறது. பறக்கும் வேகம் அதற்குப் பொருட்டல்ல. 1 கிலோமீட்டரில் எவ்வளவு துளைக்குமோ 5 கிலோமீட்டரிலும் அவ்வளவே. தாக்கும் தாரையைக் கலைக்க, தானே வெடிக்கும் கவசத்தை இலக்கின் மேல் பொருத்தியிருந்தால், முன்னால் ஒரு சிறு வெடிமுனை அதை வெடிக்கச் செய்துவிட்டுப் பெரியதற்கு வழிவிடும்.

பழைய கன்னர்:
கிட்டத்தில் நிலைமை தலைகீழ். குழலை விட்டு வந்தபின் துடுப்புகள் விரிய வேண்டும், மோட்டார் பற்ற வேண்டும், பாதைக்குள் வந்து நிலைகொள்ள வேண்டும். அதற்குள் இலக்கு வந்துவிட்டால் வழிகாட்ட நேரமே இருக்காது. அமெரிக்காவின் ஷெரிடன் வண்டி சுட்ட ஷிலேலா ஏவுகணைக்கு ஏறக்குறைய 730 மீட்டருக்குள் கட்டுப்பாடு கிடையாது. அர்ஜுனுக்கான நம் ஏவுகணை 2020 செப்டம்பர் 22 அன்று அகமதுநகரின் கே.கே. சுடுதளத்தில் 3 கிலோமீட்டர் இலக்கைத் தாக்கியதைத்தான் பலரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் 2022 ஜூன் 28 சோதனையே பெரியது; அன்று சரிபார்த்தது குறைந்தபட்சத் தொலைவை. குழலுக்குள் அடங்க வேண்டிய நீளத்தில் அதைச் சாதிப்பது கடினம். மலரில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். முடிந்தால் புனேயின் ஏ.ஆர்.டி.இ., எச்.இ.எம்.ஆர்.எல்., தேராதூனின் ஐ.ஆர்.டி.இ. ஆகிய மூன்று டி.ஆர்.டி.ஓ. (இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகங்களின் பெயரையும் சேருங்கள், உழைத்தவர்கள் அவர்கள்தான்.